சேற்றில் உட்கார்ந்த பிறந்தநாள்

மேலே எட்டுப் பிள்ளைகள் நின்றார்கள். கீழே நாங்கள் நின்றோம். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு படிக்கட்டு. படிக்கட்டு முடிந்த இடத்திலிருந்து எங்கள் படகு வரைக்கும் பளபளவென்று சேறு.

எட்டுப் பேரும் விருந்து உடுப்பில் வந்திருந்தார்கள். வெள்ளை கவுன், வழித்து வாரிய தலை, ஒருவனுக்குக் கழுத்தில் வில் டை. கையில் ஆளுக்கொரு பரிசுப் பொட்டலம். கீழேயிருந்து அண்ணாந்து பார்த்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது எட்டு ஜோடிப் புது ஷூக்கள்தான்.

கல்கத்தாவில் விருந்துக்குச் சொன்ன நேரத்தில் யாரும் வருவதில்லை. பதினொன்று என்றால் பதினொன்றரைக்குத்தான் குளிக்கவே போவார்கள். ஆனால் நான் தாய்மார்களின் வாட்ஸாப் குழுவில், 'சரியாகப் பதினொன்று. தாமதித்தால் படகு இறங்கிவிடும்' என்று மூன்று முறை போட்டுத் தொலைத்திருந்தேன். பாவம், பயந்துபோய்ப் பத்து ஐம்பதுக்கே வந்து நின்றார்கள்.

படகு ஏற்கெனவே இறங்கியிருந்தது. இறங்கி, எருமை மாதிரி சேற்றில் சுகமாக உட்கார்ந்திருந்தது. என் கணவர் மேல்தட்டில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதி முகத்தில் சவர நுரையோடு நின்றார்.

"யாரு இந்தப் பிள்ளைங்க?" என்றார்.

"பொன்னி பிறந்தநாளுக்கு வந்திருக்காங்க."

"இப்பவா? ஜோயாருக்குன்னுல்லா சொன்ன?"

நான் மறுபடியும் மேலே ஷூக்களைப் பார்த்தேன்.

தலைமையாசிரியை, அதாவது நான்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்கள் இந்த ஒரு பகுதியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குத்தான் பத்திரிகையைப் புரட்டியவர்கள், 'இந்தப் பொம்பளை ஏன் படகில் இருக்கிறாள்?' என்று கேட்பது எனக்குக் கேட்கிறது.

என் கணவர் கப்பல் இன்ஜினியர். அவர் வீட்டார் திருநெல்வேலியிலிருந்து வந்து மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருப்பவர்கள். ஒருநாள் அவர் அடி தட்டையான பழைய லஞ்ச் படகு ஒன்றை வாங்கிவந்தார். சுற்றுலாக்காரர்கள் தங்குகிற மாதிரி மாற்றப்போவதாகச் சொன்னார். வேலை முடிகிற வரை நாம் அதிலேயே இருக்கலாம், ஆறு மாதம்தான் என்றார். மூன்று வருடம் ஓடிவிட்டது. சுற்றுலாக்காரர் ஒருவரும் வரவில்லை. நாங்கள் இருக்கிறோம்.

காளிகாட் வழியாக வரும் கால்வாய் ஆற்றில் கலக்குமே, அதற்குச் சற்று மேலே ஒரு பழைய படித்துறை. அங்கேதான் எங்கள் முகவரி. கயிறு, நங்கூரம், சமையல் எரிவாயு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நிமாய்தா இருக்கிறார். அவர் நாற்பது வருடமாக ஆற்றிலேயே இருப்பவர். தரையில் நடந்தால் கொஞ்சம் தள்ளாடுவார்.

இங்கே கங்கை பார்ப்பதற்குத்தான் ஆறு, பேச்செல்லாம் கடல் பேச்சு. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் தண்ணீரை மேலே தள்ளும், ஆறு ஏறும். அது ஜோயார். பிறகு வடியும், அது பாட்டா. ஜோயாரில் எங்கள் மேல்தட்டும் படித்துறையின் மேல்படியும் ஒரே மட்டம். பலகை போட்டால் கையில் காபி டம்ளரோடு நடந்து போகலாம். பாட்டாவில் நாங்கள் பாதாளத்தில் கிடப்போம். அப்போது ஒற்றைப் பலகையில் வெறுங்காலோடு சாய்வாக ஏறி இறங்க வேண்டும். எங்களுக்குப் பழக்கம். வந்தவர்களுக்கு வராது.

பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் படகிலேயே. நான்தான் தலைமையாசிரியை, வகுப்பாசிரியை, ஆயா. பதினோரு வருடம் வங்கியில் வேலை பார்த்தவள், பதிவேடு இல்லாமல் எனக்கு மூச்சு வராது. தினமும் வருகைப் பதிவு உண்டு. ஒருநாள் சின்னவன் முத்து கழிப்பறைக்குள்ளிருந்து "உள்ளேன் அம்மா" என்று குரல் கொடுத்தான். அதற்கு வருகை போடலாமா கூடாதா என்று அன்றைய முதல் பாடவேளை முழுக்க விவாதம் நடந்தது. அவன்தான் ஜெயித்தான்.

கால அட்டவணையை வகுத்தது நானல்ல, ஆறு. பாட்டாவில் சேற்றையும் சுவரையும் தவிர பார்க்க ஒன்றும் இருக்காது. அதனால் கணக்கு, தமிழ், இலக்கணம். ஜோயாரில் படித்துறை மொத்தமும் ஜன்னலுக்கு நேரே வந்துவிடும், எந்தப் பிள்ளையும் புத்தகத்தைப் பார்க்காது. அதனால் அந்த நேரத்துக்கு 'சமூகப் பழக்கம்' என்று பெயர் எழுதிவிட்டுக் கரைக்கு அவிழ்த்துவிடுவேன்.

முத்துவின் நண்பர் வட்டம்

சமூகப் பழக்கத்தில் முத்துவுக்கு எப்போதும் முதல் மதிப்பெண். ஆறு வயதில் அவனுக்குப் பதினேழு நண்பர்கள். என்ன, எல்லாருக்கும் அறுபதைத் தாண்டிவிட்டது.

காலையில் குளிக்க வருகிற ஓய்வுபெற்ற தாத்தாக்கள்தான் அவன் கூட்டாளிகள். அவர்களிடமிருந்து சீட்டாடக் கற்றுக்கொண்டான். பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டான். வங்காளத்தில் பெரியவர்கள் சந்தித்தால் முதலில் விசாரிப்பது வயிற்றைத்தான், அதையும் கற்றுக்கொண்டான்.

அலிப்பூரில் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அழைத்துப் போனேன். மற்ற பிள்ளைகள் பலூனைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். இவன் போய்க் குழந்தையின் அப்பாவுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். "பேட் பாலோ தோ?" என்று கேட்டான். வயிறு நன்றாக இருக்கிறதா என்று அர்த்தம். மனிதர் சிரித்தார். முத்து சிரிக்கவில்லை. காலையில் கச்சோரி சாப்பிட்டீர்களா, பிறகு ஏப்பம் வந்ததா என்று ஒவ்வொன்றாக விசாரித்து, ஓமத் தண்ணீர் சிபாரிசு செய்துவிட்டுத்தான் எழுந்தான்.

பொன்னியின் ஆற்றுக்குரல்

மூத்தவள் பொன்னியின் சங்கதி வேறு. அவளுக்கு அவள் வயதில் சிநேகிதி வேண்டும் என்று ஆசை.

முதலில் இணைய வகுப்பில் சேர்த்தேன். திரையில் எட்டுக் கட்டங்களில் எட்டு முகங்கள். ஏழு அசையாமல் இருக்கும், ஒன்று மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். "பொன்னி, ஒரு இடத்தில் உட்கார்" என்று டீச்சர் தினமும் சொல்வார். அவள் ஒரு இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். படகுதான் உட்காரவில்லை. ஒரு பையனுக்கு அவளைப் பார்த்துப் பார்த்துத் தலைசுற்றல் வந்து, அவன் அம்மா எனக்குப் பணிவாக ஒரு செய்தி அனுப்பினார்.

அப்புறம் சனிக்கிழமைதோறும் ஆட்டோவும் மெட்ரோவும் பிடித்து டாலிகஞ்சில் ஓவிய வகுப்பு. அங்கே புதுப் பிரச்சினை. பொன்னி பேசினால் ஆறு தாண்டிக் கேட்கும். போகிற லஞ்சையும் மீன் படகையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளர்ந்த குரல் அது. "பச்சைப் பென்சில் தருகிறாயா?" என்று முதல் நாள் கேட்டாள். அடுத்த அறையில் தபலா வகுப்பு நின்றது. ஆசிரியர் அவளை ஜன்னலோரக் கடைசி மூலைக்கு மாற்றினார். அவள் அதற்குப் பிறகு இரண்டு வாரம் வாயையே திறக்கவில்லை.

மறைக்க என்ன இருக்கிறது? நம் ஆசைக்காகப் பிள்ளைகளைத் தண்ணீர் நடுவே தனியாக வைத்துவிட்டோமோ என்ற பயம் அந்த மூன்று வருடமும் என்னோடு படுத்து என்னோடு எழுந்தது.

மூன்றாம் வாரம் ரிமி என்ற பெண் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு அதே மூலைக்கு வந்து உட்கார்ந்தாளாம். "நீ கத்தினால் ஜாலியாக இருக்கிறது, இன்னொரு தடவை கத்து" என்றாளாம். பொன்னி இதை என்னிடம் வீடு வரும்வரை ஆறு முறை சொன்னாள்.

மதினி வைத்த கெடு

என் கணவரின் அக்காவை நான் மதினி என்று கூப்பிடுவேன். அலிப்பூரில் அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி. நல்லவர். ஆனால் எல்லாவற்றையும் படிவமாகத்தான் பார்ப்பார். போன வருடம் பொன்னியின் பிறந்தநாளுக்கு அவர் வந்தபோது விருந்தாளிகள் மொத்தம் மூவர். படித்துறைப் பூசாரி, சவரம் செய்கிறவர், முத்துவின் சீட்டாட்டக் கூட்டாளி ஒருவர். மூவரும் பாயசத்துக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வருடம் மதினி ஒரு நல்ல பள்ளியின் சேர்க்கைப் படிவத்தை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஏ செல்வி, நான் ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காத. இந்தப் பிறந்தநாளுக்கு அவ வயசுப் பிள்ளைங்க நாலு பேராவது படகுக்கு வரட்டும். வந்தா நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலன்னா ரெண்டு பேரையும் எங்கிட்ட விடு. எங்க வீட்டுலேருந்து ஸ்கூலுக்குப் போகட்டும்."

கணவர் ஆற்றைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பொன்னிதான், "சரி அத்தை, எட்டுப் பேர் வருவாங்க" என்றாள்.

பத்துக்குப் பத்து

இனி தவறு யாருடையது என்று பார்ப்போம். நிதானமாகப் பார்த்தால் என்னுடையது.

விருந்துக்கு இரண்டு வாரம் முன்னால் படகின் அடியைச் சுரண்டிச் சாயம் பூசப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். கணவரும் நிமாய்தாவும் படகோடு போனார்கள். நானும் பிள்ளைகளும் மதினி வீட்டில். தரையில் சில நாள் இருந்தால் உடம்பிலிருந்து ஆறு வடிந்துவிடுகிறது. ஜோயார் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்பதே மறந்துபோனது.

ஓவிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அழைப்பு அனுப்ப வேண்டும். அன்றைய கணக்குப் பாடமே அதுதான் என்று சொல்லி, ஜோயார் நேரம் போட்ட புத்தகத்தைப் பொன்னியிடம் கொடுத்தேன். விருந்து நாளில் ஆறு எப்போது நிறையும் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். அவள் அழகாகக் கோடு போட்டு, தேதி எழுதி, 'காலை மணி 11' என்று அடிக்கோடிட்டு நீட்டினாள். நான் அடுப்பில் ரசத்தைப் பார்த்துக்கொண்டே பத்துக்குப் பத்து போட்டேன். ஒரு நட்சத்திரமும் ஒட்டினேன்.

அந்தப் புத்தகத்தில் ஊருக்கு ஊர் தனிப் பக்கம் உண்டு. பொன்னி பார்த்தது ஆறு கடலில் சேருகிற சாகர் தீவின் பக்கம். அங்கே பதினொரு மணிக்கு நிறைகிற தண்ணீர் எங்கள் படித்துறைக்கு வந்து சேர மதியம் மூன்று ஆகும்.

சரி, படகோடு போன இரண்டு ஆண்களுக்கும் சரியான நேரம் தெரியுமே, சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வார்கள்? "விருந்து எப்ப?" என்று கணவர் தொலைபேசியில் கேட்டபோது, "ஜோயாருக்கு" என்றேன். எங்கள் படகில் யாரும் கடிகாரத்தைச் சொல்வதில்லை. ஊருக்குப் பதினொன்று என்று சொன்னேன், வீட்டுக்கு ஜோயார் என்று சொன்னேன். ஊர் சரியாக வந்துவிட்டது. வீடு சவரம் செய்துகொண்டிருந்தது.

படகு முந்தின நாள்தான் படித்துறைக்குத் திரும்பியிருந்தது. நான் பாத்திரங்களோடும் பிள்ளைகளோடும் டாக்ஸியில் வந்து பலகை வழியாகக் கீழே இறங்கி, "ஏங்க, படகு ஏன் இவ்வளவு கீழ இருக்கு?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள் மேலே ஷூக்கள் வரிசையாக வந்து நின்றன.

லுச்சி ஏறிய கயிறு

பொன்னி நோட்டை எடுத்துப் பார்த்தாள். நட்சத்திரத்தைப் பார்த்தாள். சுக்கானறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, கதவைத் தொற. எல்லாரும் வந்திருக்காங்கல்லா?"

"வந்திருக்காங்க. திரும்பிப் போயிருவாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. முதன்முறையாக அது மிகச் சின்னக் குரலாக இருந்தது. "அத்தை படகுக்கு வரணும்னுதானே சொன்னா? படித்துறைக்கு வந்தா கணக்கில்லையேம்மா."

நான் கதவை இன்னொரு முறை தட்டினேன்.

மேலே ரிமியின் அம்மா மட்டும் நின்றார். மற்ற பெற்றோர் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "திதி, நாங்கள் வேறொரு நாள் வரட்டுமா?" என்று அந்த அம்மாள் வங்காள மொழியில், அக்கா முறை வைத்து, மரியாதையாகக் கேட்டார். அந்த மரியாதை என்னைக் கொன்றது.

அப்போது முத்து கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்தட்டில் ஏறி நின்றான். எட்டுப் பேரையும் நிதானமாகப் பார்த்தான்.

"பேட் பாலோ தோ?"

வில் டை கட்டியவன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பசிக்கிறது," என்றான்.

"பௌதி, லுச்சி ஆறுகிறது," என்றார் என்னை அண்ணி முறை வைத்துக் கூப்பிடும் நிமாய்தா. அவருக்கு எந்த நெருக்கடியிலும் சாப்பாடு ஆறுவதுதான் முதல் கவலை. சுக்கானறைக் கூரையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் கரைக்கு எறிந்தார். ரிமியின் அம்மா அதை அரசமரத்தில் கட்டினார். வாளியைக் கொக்கியில் மாட்டி, இழுக்க இன்னொரு கயிறு. பூரி மாதிரியான லுச்சியும் உருளைக்கிழங்கு ஆலுர் தமும் ஆடிக்கொண்டே மேலே போயின. பிள்ளைகள் இழுத்த வேகத்தில் பாதி வழியில் இரண்டு லுச்சி விழுந்தது. காக்கைக்கும் பிறந்தநாள்.

அடுத்த வாளி எலுமிச்சைச் சோறு. மூன்றாவது வாளியில் காலிப் பாத்திரத்துக்குப் பதிலாகப் பரிசுகள் கீழே வந்தன. மேலே ஒரே கூச்சல். யார் இழுப்பது என்று சண்டை வந்துவிட்டது. என் கணவர் ஏதோ சொல்லிப் பார்த்தார், நான் சொல்லிப் பார்த்தேன், யார் காதிலும் விழவில்லை. வாளி நடுவானில் தாறுமாறாக ஆடியது. அதில் பாயசம் இருந்தது.

சுக்கானறைக் கதவு படாரென்று திறந்தது.

"ஏய்! வரிசையா நில்லுங்க! ஒருத்தர் மாத்தி ஒருத்தர்!"

வங்காள மொழியில், முழு ஆற்றுக்குரலில். எட்டுப் பேரும் வரிசையில் நின்றார்கள். குளித்துக்கொண்டிருந்த இரண்டு தாத்தாக்களும் வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு விருந்தைப் பொன்னிதான் நடத்தினாள். கீழேயிருந்து கட்டளை, மேலே விளையாட்டு. 'சிலை' என்று கத்தினால் அப்படியே உறைய வேண்டும். பேப்பர் விற்கிறவர் ஒருவரும் உறைந்தார். ஓவிய வகுப்பில் மூலைக்கு அனுப்பிய அதே குரலை வைத்துக்கொண்டு என் மகள் ஒரு படித்துறையையே ஆட்டிவைத்தாள். நான் ஓரமாக நின்று முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம் நறுக்கவில்லை என்பதைக் கணவர் கவனித்ததாகத் தெரிந்தது.

பிறகு கேக். கேக்கை வாளியில் ஏற்ற எனக்குத் துணிச்சல் இல்லை.

"கேக் இங்கேதான் இருக்கிறது!" என்று பொன்னி கத்தினாள்.

ரிமி கீழே குனிந்து பார்த்தாள். ஷூவைக் கழற்றினாள். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் திணித்தாள்.

"ரிமி, கூடாது! வெள்ளை கவுன்! ரிமி!" என்று அவள் அம்மா அலறுவதற்குள் அவள் கடைசிப் படியில் உட்கார்ந்து, சர்ரென்று சேற்றில் வழுக்கி, முழங்கால் வரை புதைந்து நின்றாள். நின்று, எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு யார் யாரைத் தடுப்பது? வில் டை மூன்றாவதாக இறங்கினான். நிமாய்தா பாய்ந்து போய்ச் சாக்குகளையும் பலகைகளையும் போட்டார். ஒருவரும் அதன் மேல் நடக்கவில்லை. பொன்னியும் முத்துவும் படகிலிருந்து சேற்றுக்குள் குதித்து எதிர்கொண்டு போனார்கள். ரிமியின் அம்மா தலையில் கைவைத்துப் படியில் உட்கார்ந்தார். ஒரு தாத்தா அவருக்கு மண்குவளையில் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

கேக் வெட்டினோம். புது உடுப்புகளைக் கழற்றி அலசிக் கயிற்றில் காயப்போட்டேன். பிள்ளைகளுக்குக் கணவரின் லுங்கி, பனியன், என் பாவாடை, துண்டு, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கழுத்தில் முடிச்சுப் போட்டு மாட்டிவிட்டேன். எங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே போட்டிருந்ததும் சேறாகிவிட்டதால் அவர்களுக்கும் அதே சீருடை. 'இனி உடுப்பு பத்திரம்' என்று பத்துப் பேரும் சேர்ந்து முடிவெடுத்து மறுபடியும் சேற்றில் இறங்கினார்கள்.

மதினி வந்தார்

தண்ணீர் ஏறத் தொடங்கியதும் நிமாய்தா விரட்டி விரட்டி எல்லாரையும் படகில் ஏற்றினார். படகு மெல்ல எழுந்தது. தாங்கள் உயர்வதைப் பார்த்துப் பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. ஒவ்வொரு படி மூழ்கும்போதும் கூச்சல் போட்டு எண்ணினார்கள். வீட்டுக்கு எப்போது வருவதாக உத்தேசம் என்று கரையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு, "பாட்டா வந்ததும்!" என்று ரிமி பதில் சொன்னாள்.

சரியாக மூன்று மணிக்கு, மேல்தட்டும் மேல்படியும் ஒரே மட்டமான நேரத்தில், மதினி வந்தார். காளிகாட்டில் கும்பிட்டுவிட்டு, நெற்றியில் குங்குமத்தோடு, கையில் அந்தக் கைப்பையோடு. கடைசியில் வந்து தலையை எண்ணுவேன் என்று சொன்னவர், சொன்னபடி வந்தார்.

பலகையில் நான்கு எட்டு வைத்து மேல்தட்டில் ஏறினார். கம்பி ஓரமாகப் பத்து உருவங்கள் நின்றன. தலைமுதல் கால்வரை காய்ந்த சேறு, கழுத்தில் லுங்கி. நடு ஆற்றில் போன லஞ்சைப் பார்த்துப் பத்தும் கையசைத்துக் கத்திக்கொண்டிருந்தன. மதினி விரல் நீட்டி எண்ணினார். ஒருமுறை எண்ணினார், மறுபடியும் எண்ணினார். கைப்பையைத் திறந்தவர் அப்படியே மூடினார்.

"ஏ செல்வி," என்றார் மெதுவாக. "இதுல நம்ம ரெண்டு எதுட்டி?"

நானும் தேடினேன். குரலை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று காதைக் கொடுத்தேன். பத்தும் ஆற்றுக்குரலில் கத்தின.

எனக்கும் சட்டென்று தெரியவில்லை.